தேர்வுக் குழு சைக்கிள் ஓட்டிய வாரம்

“உங்கள்ல யாராவது ஒருத்தர் இதை ஒரு சைக்கிள்ல மாட்டி, ஏறி ஓட்டிக் காட்டுங்க சார்.”

கேட்டவள் நான். கேட்கவே கூடாது என்று முதல் நாளே எச்சரிக்கப்பட்ட ஒரே கோரிக்கையும் அதுதான்.

“இந்தக் குழுவுல நீ எது வேணும்னாலும் கேக்கலாம் பாப்பா. ஃபேன் கேளு. இன்னொரு பிஸ்கட் கேளு. கூடுதல் அவகாசம் கேட்டா உன்னைத் தலைமேல தூக்கி வெச்சுக்குவாங்க. ஆனா உறுப்பினர் யாரையும் சைக்கிள் ஓட்டச் சொல்லிடாதே. பிறகு நான் சொல்லலைன்னு வராதே” என்று கண்காணிப்பாளர் மேடம் என்னைப் படிக்கட்டு ஓரமாக அழைத்துப்போய்ச் சொல்லியிருந்தார். உள்ளே பெரிய நோயாளி படுத்திருக்கிறார், சத்தம் போடாதே என்று சொல்கிற குரல்.

நான் கேட்டதும் அறை அடங்கிப்போனது. தேநீர்க் கோப்பையை வாய்க்கருகே கொண்டுபோன தலைவர் அப்படியே நின்றார். தணிக்கை அதிகாரி மேசைக்கடியில் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார், இன்னும் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதைப்போல. ஆலோசகர் மட்டும் புன்னகைத்தார். அவருக்கு மணிக்கணக்கில் ஊதியம். மௌனமும் அதில் சேரும்.

இதைக் கேட்கிற அளவுக்கு எனக்கு வயிற்றெரிச்சல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால், குழுவின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

மீட்டர் கணக்கெடுப்போரின் மிதிவண்டிப் பயணங்களைப் பதிவு செய்வதற்கான, கட்டுப்படியாகும் விலையிலான ஜிபிஎஸ் கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கான உயர்மட்டக் குழு. மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். நீர் வாரியத் தலைமையகத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அறைக் கதவுக்கு மேல் அதை எழுத வந்த ஓவியர், எழுத்தைச் சிறிதாக்கக் கூடாது என்று தலைவர் உத்தரவிட்டதால், கதவைத் தாண்டிச் சுவரிலும் சுவரைத் தாண்டி அடுத்த கதவிலும் எழுதிக்கொண்டே போனார். கடைசியில் ‘உயர்மட்டக் குழு’ என்ற இரண்டு சொற்கள் கழிப்பறைக் கதவில் போய் விழுந்தன. புதிதாக வருகிறவர்கள் நேராக அங்கேதான் போவார்கள். பெரும்பாலும் யாராவது ஓர் உறுப்பினர் உள்ளேதான் இருப்பார் என்பதால் ஒரு நஷ்டமும் இல்லை.

குழு பிறந்தது என் அக்காவால். அவள் நீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவள். சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், வாசல் ஓரக் குழியின் மூடியைத் தூக்கி, கரப்பான்பூச்சிகள் ஒதுங்கும்வரை காத்திருந்து, குனிந்து எண்ணைப் பார்த்து எழுதிவருகிற வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். நுழைவதற்கான பெடலை மிதித்தவள் அவள்.

அவள் வழித்தடத்தில் ஒரு பெரிய வீடு இருந்தது. பூந்தோட்டம், நீச்சல் குளம், தினமும் குளிப்பாட்டப்படுகிற நாய்கள், அவற்றைவிட அதிகமாகக் குளிப்பாட்டப்படுகிற கார்கள். மீட்டர் மட்டும் அசையவில்லை. பக்கத்திலேயே மண்ணுக்கடியில் தனியாக ஒரு குழாய் போவதை அக்கா பார்த்தாள், பார்த்ததை எழுதினாள். உடனே பெரிய வீட்டுக்காரர் புகார் கொடுத்தார்: இந்தப் பெண் எங்கள் தெருப்பக்கமே வந்ததில்லை, வீட்டில் உட்கார்ந்துகொண்டு கற்பனையாக எழுதுகிறாள்.

“நீ போனதுக்கு என்ன அத்தாட்சி?” என்று விசாரணையில் கேட்டார்கள்.

“குனிஞ்சு பார்த்தேன் சார். முதுகு இன்னும் வலிக்குது. வேணும்னா அதைப் பாருங்க.”

முதுகுவலி அத்தாட்சி ஆகாது என்று பதிவானது. அவள் போகவில்லை என்பதற்கும் அத்தாட்சி இல்லை என்பதை யாரோ ஒருவர் தவறுதலாகச் சுட்டிக்காட்டிவிட்டார். எனவே வாரியம் தன் பெருங்கருணையால் ஒரு முடிவெடுத்தது. இனிமேல் போனவர்கள் போனார்கள் என்று காட்டுகிற கருவி ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். அது தேர்வாகும்வரை அக்காவின் வழக்கு நிலுவையில் இருக்கும். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை அக்கா தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பாள். அதாவது, குழு உட்கார்ந்திருக்கும்வரை என் அக்காவும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். குழுவுக்கோ உட்காருவது மிகவும் பிடித்திருந்தது.

குழுவில் ஒரு பெண், ஓர் இளையவர், ஒரு புதிய பட்டதாரி, பாதிக்கப்பட்ட குடும்பத்தில் ஒருவர் என நான்கு பேர் இருந்தே ஆக வேண்டும் என்று விதி. தேடிப் பார்த்ததில் நான்குமாக நான் ஒருத்தியே கிடைத்தேன். மூன்று நாற்காலிகள் மிச்சம். அந்தச் சிக்கனத்துக்காகத் தலைவருக்குப் பாராட்டு வழங்கப்பட்டது. எனக்கு ஒப்பந்த உதவியாளர் என்ற பெயரும், வாக்குரிமை இல்லாத ஒரு முக்காலியும் கிடைத்தன.

தலைவரை வாரியத்தில் ‘நீட்டிப்பு’ என்பார்கள். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு ஓய்வு கிடைக்கவே இல்லை, பணி நீட்டிப்பு கிடைத்துக்கொண்டே இருந்தது. முதல் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார். “சைக்கிள்னா என்ன?” என்று கேட்டார்.

எல்லோரும் யோசித்தோம். நானும் யோசித்தேன். அப்போது எனக்கு அந்த இடம் புதிது, கேள்வி என்றால் அதற்குப் பதில் தேவைப்படும் என்று நினைத்திருந்தேன்.

“ரெண்டு சக்கரம் இருக்கும் சார்” என்றேன்.

“சின்னப் பசங்க ஓட்டுறதுக்கு மூணு இருக்கே?” என்றார் தணிக்கை அதிகாரி.

“அருமை” என்றார் தலைவர். அந்தக் கேள்வியை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அது சமர்ப்பித்த அறிக்கையின்படி, சைக்கிள் என்பது ‘நிற்கும்போது சாய்வதும் ஓடும்போது சாயாததுமான ஊர்தி’. நான் அதைத் தட்டச்சு செய்தேன். இந்தக் கட்டடத்தில் நிற்கும்போதும் சாயாமல், ஓடவும் செய்யாமல் இருக்கிறவற்றுக்கு என்ன பெயர் என்று அதில் இல்லை.

அடுத்து ‘கட்டுப்படியாகும் விலை’. தணிக்கை அதிகாரிக்குத் தனியாக ஒரு தத்துவம் இருந்தது.

“விலை அதிகம்னா வாங்கக் கூடாது, அது விரயம். விலை கம்மின்னா ஏன் கம்மின்னு கேக்கணும், அது சந்தேகம். நடு விலைன்னா யாரோ திட்டம் போட்டு நடுவுல வெச்சிருக்கான்னு அர்த்தம், அது சதி. என் சர்வீஸ்ல நான் எதையுமே வாங்க விட்டதில்லம்மா. இந்த வாரியத்துல ஒரு பொருள்கூட என்னைத் தாண்டி உள்ள வந்ததில்ல.” இதைச் சொல்லும்போது அவர் கண் லேசாகக் கலங்கியது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு கை இல்லை.

ஆலோசகர் மடிக்கணினியோடு வந்தார். கண்ணாடி மேசைமேல் மூன்று மாதிரிகளை அடுக்கினார். “இது வெறும் கருவி இல்ல. இது ஒரு மனநிலை மாற்றம். தொழிலாளி சைக்கிள் ஓட்டுறான்னு நாம நினைக்கிறோம். உண்மையில அவன் தரவை ஓட்டுறான்.” தலைவர் தலையாட்டினார். ஆலோசகர் அந்த வேகத்திலேயே தேவைகளைக் கூட்டிக்கொண்டே போனார். இதயத்துடிப்பு தெரிய வேண்டும். மூழ்கினாலும் வேலை செய்ய வேண்டும். உயரம் அளக்க வேண்டும்.

“நம்ம ஊர்ல மேடே இல்லையே சார்?” என்றேன்.

“இன்னைக்கு இல்ல” என்றார் ஆலோசகர்.

பிறகு சோதனைகள் தொடங்கின. கூட்டம் நடப்பது மூன்றாவது மாடி என்பதால், கருவி மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று முடிவாகி, முதல் மாதிரியைப் படிக்கட்டு இடுக்கின் வழியே கீழே போட்டார்கள். அது உடைந்தது. நிராகரிப்பு. இரண்டாவதைத் தேநீரில் முக்கி எடுத்தார்கள். தாங்கியது. ஆனால் தேநீர் கெட்டுப்போனதாகத் தலைவர் குறிப்பு எழுதச் சொன்னார். நிராகரிப்பு. மூன்றாவதை மேசை நடுவில் வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, அது எங்களைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தோம்.

திரையில் ‘தேடுகிறது’ என்று வந்தது. தேடிக்கொண்டே இருந்தது. அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதையும் கோப்பு அலமாரி அடைத்திருந்தது. மேலே இன்னும் மூன்று மாடி கான்கிரீட்.

“சார், அதுக்கு வானம் தெரியணும். வெளிய கொண்டுபோனா உடனே பிடிச்சிரும்.”

தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பாரும்மா. நம்ம தலைமையகத்தையே கண்டுபிடிக்க முடியாத கருவி, தெருவை எப்படிக் கண்டுபிடிக்கும்? அதுவுமில்லாம, குழு வெளிய போறது வழக்கமில்ல. வெளியில இருக்கிறவங்கதான் குழுவுக்கு அறிக்கை தரணும்.”

மூன்றாவதும் போயிற்று. அதோடு விடாமல், அந்தச் செயற்கைக்கோள்கள் யாருடையவை, நம் மீட்டர் குழிகளுக்குமேல் பறக்க அவை தடையில்லாச் சான்று பெற்றிருக்கின்றனவா என்று தணிக்கை அதிகாரி கேட்டார். பதில் வரும்வரை கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அன்று வீட்டுக்குப் போனபோது அக்கா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டாத சைக்கிளைத் தினமும் துடைப்பாள். செயின் எண்ணெய்யில் பளபளத்தது.

“இன்னைக்கு என்னடி தேர்ந்தெடுத்தாங்க?”

“பிஸ்கட்டு. உப்பா இனிப்பான்னு. உப்பு ஜெயிச்சிருச்சு.”

அவள் சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். “நான் இல்லாத நேரத்துல என் தெருவுக்கெல்லாம் வேற ஆளைப் போட்டிருக்காங்களாம். அந்தப் பெரிய வீட்டு மீட்டரு நல்லா இருக்குன்னு எழுதிட்டாங்களாம்.” பிறகு, என்னைப் பார்க்காமலே, “வேலை போனாக்கூடப் பரவால்லடி. போகாத இடத்துக்குப் போனேன்னு எழுதுறவள்னு என்னைச் சொல்லிட்டாங்க பாரு” என்றாள்.

அடுத்த நாளே அவளைச் சைக்கிள் கடைக்கு இழுத்துப்போனேன். கூரையிலிருந்து சட்டங்கள் தலைகீழாகத் தொங்குகிற குறுகிய கடை. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வரிசையாக எடுத்து வைத்தார்.

“இது கலர் ஸ்கிரீன், மேப் எல்லாம் வரும். வழி தவறினா அதுவே திருப்பிவிடும்.”

“மேப் எதுக்கு?” என்றாள் அக்கா. “தெரு எனக்குத் தெரியும். நான் போனேன்னு அதுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

“அப்ப இதைப் பாருங்கம்மா, விரலால தொட்டா...”

“குழியில கையை விட்டு எடுத்த பிறகு தொட்டா?”

ஈர விரலை வைத்துப் பார்த்தாள். திரை கண்டுகொள்ளவில்லை. கடைக்காரர் கடைசியாகப் பெட்டியின் அடியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்தார். கறுப்பு வெள்ளைத் திரை. பக்கவாட்டில் மூன்றே பட்டன். மழை தாங்கும், வெயிலில் எண் தெரியும், காலையில் சார்ஜ் போட்டால் மறுநாள் மதியம்வரை வரும். போன தடத்தை ஒரு கோடாக வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். விலை, குழுவின் ஒரு கூட்டத்து பிஸ்கட் செலவைவிடக் குறைவு. நான்தானே அந்த ரசீதுகளைக் கோப்பில் ஒட்டுகிறவள், எனக்குத் தெரியும்.

“வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டர்ல செருகினா, ஓட்டினதை ஊருக்கே காட்டலாம்” என்றார் கடைக்காரர். “சைக்கிள் ஓட்டுறவங்களுக்குன்னே நெட்ல ஒரு பக்கம் இருக்கு. யார் எங்க போனாங்க, என்ன வேகம், எல்லாம் போடுவாங்க. பார்க்குறவங்க கை தட்டுவாங்க.”

“மீட்டர் பார்த்ததுக்கு எவன் கை தட்டப்போறான்” என்றாள் அக்கா. ஆனால் அந்தச் சின்னதைக் கையைவிட்டு வைக்கவில்லை.

தேர்வு முடிந்தது. ஒரு கடை, இரண்டு பெண்கள், ஓர் ஈர விரல். உயர்மட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

அதைத்தான் மறு கூட்டத்துக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்து, யாராவது ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன்.

கூட்டம் கலைந்ததும் கண்காணிப்பாளர் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். “உனக்கென்ன பைத்தியமா பாப்பா? நம்ம தலைவரு மாடிக்கு லிஃப்ட்ல வந்துட்டு லிஃப்ட்ல ஏறினதுக்கே ஓய்வு எடுக்கிறவரு! உன் ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டா என்ன பண்ணுவே?”

ஆனால் மேடத்துக்கும் தெரியாத ஒன்று விதிப் புத்தகத்தில் இருந்தது. களச் சோதனையில் ஈடுபடும் உறுப்பினருக்குச் சிறப்புக் களப்படி உண்டு. தணிக்கை அதிகாரி அதை அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் காலை தலைவர் எழுந்து நின்றபோது அவர் குரலில் புது வீரம் இருந்தது.

“நேத்து ஒரு சின்னப் பொண்ணு நம்மளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுச்சு. கேட்டதுல தப்பில்ல. நாம யாரு? தொழிலாளியோட வேர்வையை உணர்ந்தவங்க. அந்த வேர்வையை நாமளே சிந்திப் பார்ப்போம். ஒரு வாரம்! தினமும்! நாங்க மூணு பேரும் ஓட்டுவோம்!”

மூவரும் தங்களுக்குத் தாங்களே கை தட்டிக்கொண்டார்கள்.

கடைக்காரர் அதே மாதிரியில் இன்னும் இரண்டைச் சோதனைக்கென்று இரவல் கொடுத்தார். வாரியம் மூன்று புதுச் சைக்கிள்களை உறுப்பினர்களின் வீடுகளுக்கு அனுப்பியது. கருவிகளை நான்தான் ஒப்படைத்தேன். ஒப்படைக்குமுன் ஒவ்வொன்றிலும் தொடக்கப் பட்டனை அழுத்தினேன். எப்படி நிறுத்துவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் ஒன்றும் மோசக்காரி இல்லை.

ஒரு வாரம் கழித்துச் சைக்கிள்கள் திரும்பி வந்தன. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை கிழியவில்லை. டயர்களில் ரப்பர் முட்கள் குஞ்சு முடி மாதிரி அப்படியே நின்றன. உறுப்பினர்களின் எழுத்துமூல அனுபவங்களும் வந்தன. தலைவர் ஏரிக்கரைக் காற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். தணிக்கை அதிகாரிக்குத் தினமும் விடியலில் மிதித்ததில் மூட்டுவலி போய்விட்டதாம். ஆலோசகர் ‘பெடலும் நானும்’ என்று தலைப்பே போட்டிருந்தார்.

கருவிகளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணினியில் செருகினேன். அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் வந்து நின்றாள். தலைவரின் கோடு திரையில் மெல்ல விரிந்தது. வீட்டிலிருந்து கிளம்பி, பெரிய சாலையில் ஏறி, இரண்டாவது சிக்னலில் திரும்பி, மறுபடி திரும்பி, ஒரு வாசலில் போய் நின்றது. அடுத்த நாளும் அங்கே. அதற்கடுத்த நாளும்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். எச்சில் கையின் சுண்டுவிரலால் திரையைத் தொட்டாள்.

“இது அந்தப் பெரிய வீடுடி.”

“நிச்சயமா?”

“வாசல்ல நட்டு வெச்சிருக்கிற கல்லைக்கூடச் சொல்லுவேன். நான் போனதுக்குத்தான் அத்தாட்சி இல்ல. இவரு போனதுக்கு எவ்வளவு அழகா இருக்கு பாரு.”

அவள் கை கழுவப் போனாள். நான் கணினி முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, செய்ய வேண்டியதைச் செய்தேன்.

மறுநாள் இறுதிக் கூட்டம். நிர்வாக இயக்குநரே தலைமை. அக்காவின் விசாரணையையும் அதோடு சேர்த்து முடித்துவிடலாம் என்று அவளையும் வரச்சொல்லிப் பின்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட வாரியச் சீருடையில் வந்திருந்தாள். திரையை இறக்கினார்கள். தேநீர் வந்தது. உப்பு பிஸ்கட்.

“கருவி சரியா வேலை செய்யுதா?” என்றார் இயக்குநர்.

நான் வாயைத் திறக்கவில்லை. தலைவரைப் பேசவிட்டேன். அவர் பேசாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

“சார், நான் என் அனுபவத்துல சொல்றேன். இது பொய்யே சொல்லாது. ஆள் மாத்திப் பேசுவான், சாட்சி மாத்திப் பேசுவான், வானத்துல இருக்கிறது மாத்திப் பேசாது. அந்தம்மா விஷயத்தையே எடுத்துக்குங்க” என்று அக்காவின் பக்கம் கையை நீட்டினார். “இது அப்பவே இருந்திருந்தா, அது எங்க போச்சு, எங்க போகலைன்னு புட்டுப்புட்டு வெச்சிருக்கும். ஒழுங்கா வேலை பார்க்குறவன் இதைக் கண்டு ஏன் பயப்படணும்?”

“நான் வழிமொழியறேன்” என்றார் தணிக்கை அதிகாரி. “என் சர்வீஸ்ல நான் நம்புற முதல் பொருள் இதுதான்.”

“துல்லியம், நூற்றுக்கு நூறு” என்றார் ஆலோசகர்.

“பதிவு பண்ணிக்கிட்டியாம்மா?” என்றார் இயக்குநர்.

“பண்ணிட்டேன் சார். களச் சோதனையைத் திரையில காட்டலாமா?”

“தாராளமா.”

முதலில் தணிக்கை அதிகாரி. வரைபடத்தில் அவர் வீட்டின்மேல் ஒரு புள்ளி. எல்லோரும் அது நகரும் என்று காத்திருந்தார்கள். நகரவில்லை. ஜன்னல் விளிம்பிலேயே இருந்த அந்தப் புள்ளி மறுநாள் மதியம் சார்ஜ் தீர்ந்து உயிரைவிட்டது.

“இதான் உங்க மூட்டுவலி போன கதையா?” என்று தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். “பார்த்தீங்களா சார், கருவி எவ்வளவு சரியாச் சொல்லுது!”

அடுத்து ஆலோசகர். அவர் கோடு ஊரைவிட்டுக் கிளம்பி, நேராக, எந்தத் தெருவையும் மதிக்காமல், கடலைத் தாண்டியது. வேகம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர். உயரம் பத்தாயிரம் மீட்டர்.

“உயரம் அளக்கணும்னு நீங்கதான் சார் கேட்டீங்க” என்றேன்.

“அது... வழியில ஒரு குடும்ப விசேஷம்” என்றார் ஆலோசகர். தணிக்கை அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. “களப்படி வாங்கிட்டு ஃபிளைட்ல சைக்கிள் ஓட்டியிருக்காரு சார். கருவி துல்லியம். நானே கையெழுத்துப் போடறேன்.”

மூன்றாவது பதிவைத் திறந்தேன். தலைவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. அவருடைய கருவி அழகாக இருக்கிறது என்று அவர் ஓட்டுநர் அதைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டி, சார்ஜரிலும் செருகிவைத்திருந்தார். வாரம் முழுக்க ஒரு நிமிடம்கூட அது கண்ணை மூடவில்லை. கோடு பெரிய வீட்டு வாசலில் நின்றது. மறுநாள் நின்றது. அதற்கடுத்த நாள் நின்றது. ஏரி எதிர்த்திசையில், சும்மா, நீலமாகக் கிடந்தது.

“அது யார் வீடு?” என்றார் இயக்குநர்.

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்து நின்றாள். “நான் போகவே இல்லைன்னு சொன்ன வீடு சார்.”

தலைவரின் வாய் சிரிப்பிலிருந்து வேறெதற்கோ மாறிக்கொண்டிருந்தது. “கருவி பழுது” என்றார். “என்னோடது மட்டும் பழுது.”

“உங்களது மட்டுமா?” என்றார் ஆலோசகர். “அப்ப எங்களது?”

“உங்களது சரி!”

“நம்ம தலைவரோடதும் ரொம்பச் சரின்னுதான் எனக்குப் படுது” என்றார் தணிக்கை அதிகாரி. “கார் வேகம், கார் பாதை, கார் நிறுத்தம். நான் எதையும் சும்மா நம்புறவன் இல்ல, உங்களுக்கே தெரியும்.”

இப்படி மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சான்று வழங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வாக்கு ஆதரவு, ஒரு வாக்கு எதிர்ப்பு. பெரும்பான்மையில் மூன்றுமே தேர்வாயின. குழுவின் வரலாற்றில் முதல் முடிவு.

இயக்குநர் கையை உயர்த்தினார். அவர் திறமைசாலி, திறமை இல்லாமல் அந்த நாற்காலி கிடைக்காது. முதலில் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். பணிநீக்கம் ரத்து, குற்றச்சாட்டு வாபஸ், அதே வழித்தடம், பிடித்தம் செய்த சம்பளம் முழுவதும் என்று சொல்லச் சொல்ல மேடம் தட்டச்சு செய்தார். அங்கேயே கையெழுத்து, அங்கேயே முத்திரை. நான் முத்திரையின் மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.

“நீ கெட்டிக்காரப் பொண்ணும்மா. உன்னை மாதிரி ஆளுங்கதான் வாரியத்துக்கு வேணும். நாளையிலருந்து நீ நிரந்தரம். முக்காலி வேண்டாம், நாற்காலி. நம்ம வாரியத்துல மறைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதனாலதான் சொல்றேன், இந்தக் கோடுகளையெல்லாம் அழிச்சிடு. இது நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்.”

கண்காணிப்பாளர் மேடம் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார், தலையாட்டு பாப்பா, தலையாட்டு.

“நேத்தே ஊருக்குக் காட்டியாச்சு சார்” என்றேன்.

“எதை?”

“மூணு பேரோட பயணத்தையும். சைக்கிள் ஓட்டுறவங்களோட நெட் பக்கத்துல, அவங்கவங்க பதவியோட. ‘நீர் வாரியக் குழுத் தலைவரின் மாலைப் பயணம்’னு போட்டு, அந்த வாசல்ல நின்ன நேரத்தையும் போட்டிருக்கேன். அக்கா அந்த வீட்டு மீட்டரைப் பத்தி எழுதினதையும் கீழயே சேர்த்திருக்கேன். காலையில பார்த்தேன், நிறையப் பேர் கை தட்டியிருக்காங்க. ஆலோசகர் சாருக்குத்தான் ரொம்ப. சைக்கிள்ல எண்ணூறுன்னா சும்மாவா.”

ஆலோசகர் கைப்பேசியைத் தேடினார். தலைவர் கோப்பையைத் தேடினார். தணிக்கை அதிகாரி மேசைக்கடியில் குனிந்து மறுபடியும் கால்களைப் பார்த்தார்.

“உன் வேலை போயிரும்மா” என்றார் இயக்குநர். அந்தக் குரலில் இப்போது கெட்டிக்காரப் பொண்ணு இல்லை.

“காலையிலயே மேசையைக் காலி பண்ணிட்டேன் சார்.”

பையைத் தோளில் மாட்டினேன். தண்ணீர் பாட்டில், சீப்பு, என்னுடைய கோப்பை எல்லாம் விடிந்ததுமே அதற்குள் போயிருந்தன. நாற்காலி தருவார்கள் என்று எனக்குத் தெரியாதுதான். தெரிந்திருந்தாலும் பையைக் கட்டியிருப்பேன். அக்கா எழவில்லை. அவள் உத்தரவின் நகல் கைக்கு வராமல் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டாள். மேடத்தைப் பார்த்து, “ரெண்டு காப்பியா போடுங்க மேடம்” என்று சொல்வது எனக்குக் கேட்டது.

கதவைத் தாண்டினேன். சுவரில் குழுவின் பெயர் என்னோடு கூடவே நடந்து வந்தது. அது கழிப்பறைக் கதவில் முடிந்த இடத்தில் நான் படிக்கட்டில் இறங்கினேன். அக்காவுக்காக என் கைக்காசில் வாங்கிய கருவி பையில் இருந்தது. எடுத்து, தொடக்கப் பட்டனை அழுத்தினேன். ‘தேடுகிறது’ என்றது. இரண்டாவது மாடியிலும் தேடியது. முதல் மாடியிலும் தேடியது. அந்தக் கட்டடத்துக்குள் அதற்கு எதுவும் அகப்படவில்லை.

வாசல்படியைத் தாண்டி வெயிலில் கால் வைத்ததும் ‘பீப்’ என்றது.